நாற்றுக்கு வெயில் பழக்குதல்

(தோட்டக் கழக மாணவியர்)

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நம் முன்னோர் வாக்கு. விதைப்பதற்குப் பட்டம் தேடிய நாங்கள், நடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைத் தேடாமல் விட்டுவிட்டோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத முடியாது.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பழைய நோட்டுப் புத்தகங்களை விற்றுச் சேர்த்த பணத்தில் தக்காளி விதை வாங்கினோம். குழிக்கு ஒரு விதை வீதம், 98 குழிகள் கொண்ட தட்டுகள் மூன்றில் தேங்காய் நார்க்கழிவை நிரப்பி விதைத்தோம். அறிவியல் கூடத்து ஜன்னலோரத்தில் அத்தட்டுகளை வரிசையாக அடுக்கி, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் பூவாளியால் நீர் தெளித்தோம். நாற்றுகள் மளமளவென்று வளர்ந்தன. பார்த்தவர் எல்லாரும் பாராட்டினர். விடுதிச் சமையற்கூடத்தைக் கவனிக்கும் சிஸ்டர், “செப்டம்பரிலிருந்து ரசத்துக்குத் தக்காளி வாங்க வேண்டியதில்லை” என்று சொல்லி, மாதக் கணக்கில் அதற்கான தொகையைக் குறைத்தும் விட்டார்கள்.

ஜூலை 15, சனிக்கிழமை. ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தது. வகுப்பு இல்லாத நாள் என்பதால் முற்பகல் 11 மணிக்கே தட்டுகளைத் தூக்கிச் சென்று, பிடித்து வைத்திருந்த பார்களில் நாற்றுகளை நட்டு, தண்ணீர் பாய்ச்சிவிட்டு, கைகழுவிக்கொண்டு உணவறைக்குப் போனோம். மாலை செபமாலைக்கு முன் வந்து பார்த்தபோது அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தன. ‘இரவில் நிமிர்ந்துவிடும்’ என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். மறுநாள் கார்மேல் மாதா திருநாள். பூசை முடிந்ததும் தோட்டத்திற்கு ஓடினோம். இலைகளில் வெள்ளைக் காகிதம் போன்ற திட்டுகள்! தண்டுகள் காற்றில் மடங்கித் தரையோடு கிடந்தன. அடுத்த வாரம் எண்ணியபோது 294 நாற்றுகளில் 41 மட்டுமே உயிரோடு இருந்தன. அந்தப் பருவம் முழுவதும் விடுதியில் புளி ரசம்தான். யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ரசம் ஊற்றும்போதெல்லாம் எல்லாரும் எங்கள் பக்கம் பார்ப்பது போலவே எங்களுக்குத் தோன்றியது.

எங்கள் உடுமலை வட்டாரம் தக்காளிக்குப் பேர் போனது. தக்காளி விளையும் மண்ணில் இருந்துகொண்டு தக்காளியை நடத் தெரியவில்லையே என்பதுதான் பெரிய குறை. அந்த மாதம் பெற்றோர் சந்திக்கும் ஞாயிறன்று, எங்களில் ஒருத்தியின் அப்பிச்சி வந்திருந்தார். நாற்பது ஆண்டுகளாகத் தக்காளி வைப்பவர். பார்களைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஏங்கண்ணு, நாத்துக்கு வெயில் காட்டினீங்களா?”

வெயில் காட்டுவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியவில்லை. நூலகத்தில் தேடினோம். தோட்டக்கலை நூல்கள் சிலவற்றில் ‘கடினப்படுத்துதல்’ என்ற தலைப்பு இருந்தது. ஆனால் அவை குளிர் நாடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கண்ணாடிக் கூரையிட்ட பெட்டியில் வளர்ந்த நாற்றைப் பனிக்கும் குளிருக்கும் எப்படிப் பழக்குவது என்பதே அவற்றின் பேச்சு. உதகை, கொடைக்கானலில் உள்ளவர்களுக்கு அது ஒருவேளை உதவலாம். சமவெளியில் வாழும் நமக்குக் குளிர் பகை அன்று. வெயில், காற்று, நீர்க்குறைவு ஆகிய மூன்றுக்கும்தான் நம் நாற்றைப் பழக்க வேண்டும். நிழலில், ஈரத்தில், காற்றுப் படாத இடத்தில் வளர்ந்த இளநாற்றைத் தோட்டத்தில் நடுவதற்கு முன், ஏழு முதல் பத்து நாள்வரை சிறிது சிறிதாகத் திறந்தவெளிக்குப் பழக்கும் வேலை இது. ‘கடினம்’ என்ற சொல் எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆதலின் ‘வெயில் பழக்குதல்’ என்றே எழுதுகிறோம்.

இதில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒளி. ஜன்னலோரம் நம் கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரிகிறது. ஆனால் கண் ஒரு பொல்லாத சாட்சி! வெளிச்சம் மிகுந்தால் கண்மணித் துளையைச் சுருக்கியும், குறைந்தால் விரித்தும் வேறுபாட்டை மறைத்துவிடும். ஒளியை அளக்கும் கருவி அப்படி மறைப்பதில்லை. உச்சிவெயிலில் திறந்தவெளியின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவைத் தொடும். அறைக்குள் ஜன்னலருகே பெரும்பாலும் சில ஆயிரம் லக்ஸ்தான். குறைந்த ஒளியில் வளரும் நாற்று, ஒளியைத் தேடித் தண்டை நீட்டுகிறது. நாங்கள் ‘மளமளவென்று வளர்கிறது’ என்று மகிழ்ந்தது அந்த நீட்சியைத்தான். உண்மையில் அது செழிப்பு அன்று, தவிப்பு.

அவ்வாறு வளர்ந்த நாற்றின் இலை மெல்லியது. கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் வீணாக்காமல் பிடித்துக்கொள்வதற்காக அகலமாக விரிந்திருக்கும். அதன் மேலுள்ள மெழுகுப் படலமாகிய கியூட்டிக்கிளும் மெலிந்தே இருக்கும். இந்த இலையைத் திடீரென்று உச்சிவெயிலில் நிறுத்தினால், அது பயன்படுத்தக் கூடிய அளவைவிடப் பன்மடங்கு ஒளி அதன்மேல் விழுகிறது. மிகுதியான அந்த ஆற்றல், இலைக்குள்ளே ஆக்சிஜனைத் தீங்கான வடிவங்களுக்கு மாற்றிவிடுகிறது. அவை பச்சையத்தையும் செல்களையும் சிதைக்கின்றன. நாங்கள் கண்ட வெள்ளைத் திட்டுகள் அவ்வாறு வந்தவையே. பூச்சி அரித்ததோ நோய் பிடித்ததோ என்று அன்று நாங்கள் எண்ணி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கவும் முற்பட்டோம். எங்கள் தாவரவியல் சிஸ்டர்தான் தடுத்தார்கள்.

சரி, பத்து நாள் எதற்கு? இரண்டு நாளில் பழக்கக் கூடாதா? இந்தக் கேள்வியை எங்களில் பலர் கேட்டோம். இதற்குக் கிடைத்த விடைதான் எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிற்று. நிழலில் விரிந்து முற்றிய இலை, நிழல் இலையாகவே இருக்கும். அதன் மெழுகுப் படலம் ஓரளவு தடிக்கலாம். நிறம் ஓரளவு மாறலாம். ஆனால் அதன் அமைப்பை முழுவதும் மாற்றிக்கொள்ள அதனால் இயலாது. வெயில் படத் தொடங்கியபின் நுனியில் விரியும் புதிய இலைதான் தொடக்கத்திலிருந்தே தடித்ததாக, செல் அடுக்குகள் நெருங்கியதாக, வெயிலுக்கு ஏற்றதாக உருவாகிறது. அப்படி ஓரிரு இலைகள் விரிய ஒரு வாரமேனும் வேண்டும். ஆகவே பழைய இலைகளைத் தேற்றுவதற்காக மட்டும் நாம் காத்திருப்பதில்லை. புதிய இலை வரும்வரை பழைய இலைகள் உயிரோடிருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். இதை அறிந்த பின், நாள்களை எண்ணுவதைவிட நுனியிலுள்ள இலைகளைப் பார்ப்பதே எங்கள் வழக்கமாகிவிட்டது.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலையின் அடிப்பக்கத்தில் மிகுதியாக உள்ள இலைத்துளைகள் வழியே நீராவிப்போக்கு நடைபெறுகிறது என்று வகுப்பில் படிக்கிறோம். எப்போதும் ஈரத்திலேயே வளர்ந்த நாற்றுக்குத் தன் துளைகளை விரைந்து மூடிக்கொள்ளும் பழக்கம் குறைவு. நீரைச் சற்றுக் குறைத்தால் வேரும் இலையும் அப்சிசிக் அமிலம் என்ற பொருளை மிகுதியாக உண்டாக்குகின்றன. துளைகளை மூடச் சொல்லும் செய்தியாளர் அதுவே. மேலும், நீர் குறையும்போது தண்டும் இலையும் வளர்வது மெதுவாகிறது. வேர் அந்த அளவுக்கு மெதுவாவதில்லை. இலையில் உண்டாகும் மாவுப்பொருளும் சர்க்கரையும் செலவாகாமல் சேர்கின்றன. நட்ட பின் புதுவேர் விடுவதற்கு அந்தச் சேமிப்புத்தான் கைகொடுக்கிறது. விடுதிக்கு வரும்போது அம்மா கட்டித் தரும் முறுக்கு டப்பா போல என்று ஒருத்தி சொன்னாள். (அவளுடைய டப்பா இரண்டு நாளில் காலியாகிவிடும் என்பது வேறு செய்தி.)

இனிக் காற்று. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் சேலை காயப்போட விடாது. காற்றாலைகள் இங்கே இத்தனை நிற்பதும் அதனால்தான். அறைக்குள் வளர்ந்த தண்டு அந்தக் காற்றை எப்படித் தாங்கும்? 1973-ஆம் ஆண்டு மார்க் ஜாஃபி என்னும் அமெரிக்கத் தாவரவியலார், செடிகளின் தண்டை நாள்தோறும் மெல்லத் தேய்த்தால் அவை உயரம் குறைந்து தடிக்கின்றன என்பதை ஆராய்ந்து எழுதினார். தொடுதலும் அசைவும் செடியின் வளர்ச்சியையே மாற்றுகின்றன. காற்றில் நிற்கும் மரம் குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பது இதனாலேயே. நாங்கள் காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை, நாற்றுகளின் நுனிமேல் உள்ளங்கையை மெல்லத் தடவிச் சென்றோம். ஆறாம் வகுப்புச் சிறுமியர் இதைப் பார்த்து, அக்காமார் நாற்றுக்கு ஆசீர்வாதம் கொடுக்கிறார்கள் என்று விடுதி முழுவதும் பரப்பிவிட்டனர்.

2024-இல் மீண்டும் விதைத்தோம். ஜூன் 15-ஆம் நாள் விதைப்பு. முளைத்தவுடனே தட்டுகளை அறையிலிருந்து வெளித்தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். முன்னைப் போல நீண்டு மெலியவில்லை. ஜூலை 3-ஆம் நாள் பழக்கத் தொடங்கினோம். மாதா கெபிக்குக் கிழக்கே உள்ள வேம்பின் அடியே எங்கள் இடம். முதல் இரண்டு நாள் காலை 7 மணி முதல் 8 வரை வெயிலில் வைத்துவிட்டு, பின்பு வேம்பின் நிழலுக்கு மாற்றினோம். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் இரண்டு மணி நேரம். ஐந்தாம் நாள் முதல், காலையில் 10 மணி வரையிலும் மாலை 4 மணிக்குப் பின்னும் வெயில். ஏழாம் நாள் தட்டுகளை நிழலுக்குக் கொண்டுபோகாமல், நண்பகலில் மட்டும் மேலே பழைய கொசுவலைத் துணியைக் கட்டினோம். ஒன்பதாம் நாள் அதையும் எடுத்துவிட்டோம். அன்று முதல் இரவிலும் வெளியேதான். இந்தக் கணக்கு வேதவாக்கு அன்று. வானம் மூடியிருந்த ஒரு நாளை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மேக மூட்டத்தில் வெளியே வைத்துவிட்டு, ‘பழகிவிட்டது’ என்று எண்ணினால், மறுநாள் வெயில் வந்து உண்மையைச் சொல்லிவிடும்.

நீர் விடுவதை மூன்று வேளையிலிருந்து காலை ஒரு வேளையாகக் குறைத்தோம். எப்போது நீர் வேண்டும் என்பதற்கு அப்பிச்சி ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். தட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நீர் விட்டவுடன் உள்ள கனம் கைக்குத் தெரிந்திருக்கும். தட்டு இலேசாகி, நார்க்கழிவின் மேற்பரப்பு வெளிறி, இலைகளின் மினுமினுப்புச் சற்று மங்கும்போது நீர் விடலாம். இலை துவண்டு தொங்கும் வரை விடக்கூடாது. இந்த நாள்களில் யூரியா போன்ற தழைச்சத்து உரமும் ஆகாது. கொடுத்தால் மென்மையான இலைகளைத் தள்ளிக்கொண்டு, நாம் செய்யும் வேலைக்கு எதிராக வளரும். எட்டாம் நாள் வாக்கில் தண்டின் அடியில் இலேசான ஊதா நிறம் ஏறியது. அது அந்தோசயனின் என்னும் நிறமி. வெயிலை மட்டுப்படுத்த நாற்று போர்த்திக்கொள்ளும் துணி என்று கொள்ளலாம். அதைக் கண்டதும் நோய் என்று பதறினோம். இந்த முறை வேப்பெண்ணெயைத் தேடி ஓடவில்லை.

இவ்வளவு செய்தாலும், பழக்கியதால்தான் பிழைத்தது என்று எப்படிச் சொல்வது? சிஸ்டர் இப்படிக் கேட்டார்கள். எனவே 20 நாற்றுகளை மட்டும் பழக்காமல் அறைக்குள் வைத்திருந்தோம். தெரிந்தே சாகக் கொடுப்பதா என்று எங்களுக்குள் பெரிய வழக்கு நடந்தது. இறுதியில், சென்ற ஆண்டு தெரியாமல் 253 நாற்றுகளைக் கொன்றவர்கள் 20-க்குக் கண்ணீர் வடிக்க வேண்டாம் என்று தலைவி தீர்ப்புக் கூறினாள். ஜூலை 13 மாலை இரு வகையையும் ஒரே பாரில் அடுத்தடுத்து நட்டோம். ஒரு வாரத்தில், பழக்கிய 20-இல் 19 நிமிர்ந்து நின்றன. பழக்காத 20-இல் 7 மட்டுமே தப்பின. சிறிய சோதனைதான், ஒரு முறை, ஒரு தோட்டத்தில் செய்தது. இருந்தாலும் அந்தப் பாரைப் பார்த்த எவரும் எங்களை மறுத்துப் பேசவில்லை.

இன்னொரு சோதனை, நாங்கள் நினையாமல் நடந்தது. ஒரு தட்டின் பொறுப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட, அந்தத் தட்டு மூன்று நாள் நீரின்றி வெயிலிலேயே இருந்தது. நாற்றுகள் சாகவில்லை. தண்டு விறகுபோல் விறைத்து, இலை சிறுத்து, நுனி அப்படியே நின்றுவிட்டது. ‘நன்றாகக் கெட்டிப்பட்டிருக்கிறது’ என்று நட்டோம். மற்றவை பூத்துக் காய்த்தபோது இவை முழங்காலளவுக்குக் கூட வரவில்லை. வருந்த வைத்தால் வலிமை வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரியவர்களும் சிலர் அப்படி நினைப்பதுண்டு! நாற்றைப் பொறுத்தவரை அது பிழை. வளர்ச்சி மெதுவாக வேண்டும், நிற்கக் கூடாது. நின்றுபோன நாற்று பின்னர் எவ்வளவு ஊட்டினாலும் பழைய ஓட்டத்தை எளிதில் பிடிப்பதில்லை. தட்டில் அளவுக்கு மிஞ்சி நாள்பட வைத்திருந்தாலும் இதே நிலைதான். தக்காளியைச் சுமார் 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 40 நாள் வாக்கிலும் நடுவது வழக்கம். பழக்கும் நாள்களை இதற்குள்ளேயே அடக்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் தக்காளியை 28-ஆம் நாள் நட்டோம். மூன்று நாள் தாமதந்தான்.

பாட்டிமார் இதையெல்லாம் செய்ததாகத் தெரியவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் திறந்தவெளியில் மேட்டுப்பாத்தி அமைத்து மிளகாய் விதையைத் தூவினார்கள். வைக்கோலைப் போர்த்தி, முளை கண்டதும் மாலைப் பொழுதில் அதை விலக்கினார்கள். அந்த நாற்று பிறந்தது முதலே வெயிலையும் காற்றையும் கண்டது. பிடுங்குவதற்குச் சில நாள் முன்பு தண்ணீரை மட்டும் குறைத்தால் போதுமானதாக இருந்தது. நெல் நாற்றங்காலும் அவ்வாறே. நிழல்வலைக் கூடாரமும் குழித்தட்டும் வந்த பிறகுதான் இந்த வேலை பெரிதாயிற்று. இதன் உச்சியைக் காண வேண்டுமானால் திசு வளர்ப்பு வாழையைப் பார்க்க வேண்டும். தேனிப் பக்கம் தோட்டந்தோறும் நிற்கும் அந்த வாழை, ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குப்பிக்குள் சர்க்கரை கலந்த ஊடகத்தில் வளர்வது. குப்பிக்குள் காற்று முழுவதும் ஈரம்; ஆகையால் அதன் இலையில் மெழுகு ஏறுவதில்லை, இலைத்துளை மூடவும் தெரியாது. குப்பியிலிருந்து எடுத்ததும் நேரே வயலில் வைத்தால் ஒரு பகல்கூடத் தாங்காது. எனவே முதலில் ஈரம் மிகுந்த கூடத்திலும், பின்பு நிழல்வலையின் கீழும் இரண்டு கட்டமாக வாரக் கணக்கில் பழக்கியே உழவருக்குத் தருகிறார்கள். எங்களுடைய பத்து நாள் வேலை அதன் சிறிய தங்கை எனலாம்.

நடும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. மாலை 4 மணிக்குப் பிறகே நடுவது நல்லது. முழு இரவும் நாற்றுக்கு ஓய்வாகக் கிடைக்கும். நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தட்டுக்கு நன்றாக நீர் விட வேண்டும். அப்போதுதான் வேரைச் சுற்றிய நார்க்கழிவு உதிராமல் கட்டியாக வரும்; வேர்த்தூவிகள் அறாமல் இருக்கும். தண்டைப் பிடித்து இழுக்காமல், குழியின் அடியில் விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். தக்காளியை மட்டும் சற்று ஆழமாக நடலாம். மண்ணுக்குள் போன தண்டிலும் அதற்கு வேர் விடும். பழக்கிய நாற்றேயானாலும் முதல் மூன்று நாள் மேற்குப் பக்கம் ஒரு வேப்பங்கொத்தோ பனையோலைத் துண்டோ குத்திவைத்தால் பிற்பகல் வெயிலுக்கு மறைவாகும்.

பூசணி, பாகல், வெள்ளரி இவற்றுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். இவற்றின் வேரை அசைத்தால் பிடிக்காது. நட வேண்டிய இடத்திலேயே விதையை ஊன்றிவிடுவதே சிறந்தது. வெண்டையும் கொத்தவரையும் அப்படியே.

சமையற்கூடத்து சிஸ்டர், இரண்டாம் ஆண்டு எங்கள் பேச்சை நம்பித் தக்காளித் தொகையைக் குறைக்கவில்லை. அக்டோபர் முதல் வாரம், முதல் கூடை உள்ளே போனபோது எடை போட்டுப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்கள். மறுவாரம் எங்களை அழைத்து, அடுத்த முறை கத்தரியும் போட முடியுமா என்று கேட்டார்கள்.

கத்தரி போட்டிருக்கிறோம். இதை எழுதும் இன்று அவற்றுக்கு ஐந்தாம் நாள் வெயில். 10 மணி ஆகிறது, தட்டுகளை நிழலுக்கு மாற்ற வேண்டும். தோட்டத்துக்குப் போக மிகுந்த நாற்றுகளை, பழக்கி முடித்த பின், அடுத்த பெற்றோர் ஞாயிறன்று வாசலருகே வைப்போம். வேண்டுவோர் மாலையில் வீடு திரும்பும்போது எடுத்துச் செல்லலாம். வண்டியில் போகும்போது காற்று நேரே படாதபடி ஒரு துணியால் மூடிக்கொள்ளவும்.